பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாவிடம் யாரும் கேட்காத கேள்வி

எமது ஊர்களில் ஒரு குழந்தை பிறந்தால் நாற்பது முடியும் வரை அந்த வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது. உம்மம்மா பத்தியக்கறி சமைப்பார். சாச்சிமார் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவார். பார்க்க வருபவர்கள் எல்லோரும் "தாய் சுகமா, புள்ள சுகமா" என்றே கேட்பார்கள்.

அதே வீட்டின் வாசலில் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டும், பாமசிக்கும் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டும் ஒருவர் இருப்பார். அவர்தான் பிள்ளையின் வாப்பா. "நீங்க எப்படி இரிக்கிங்க மகன்?" என்று அவரிடம் கேட்பவர் மிகக் குறைவு. கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அவருக்கும் நோய் வரலாம். பிரசவத்தின் பின்னரான மனச்சோர்வு என்று தாய்மாருக்குச் சொல்லப்படும் அதே நோய் தந்தைமாரையும் பிடிக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எமது கரையோர ஊர்களில் இது பற்றிப் பேசுவோர் அரிது. எனவே இது என்ன நோய், எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் போவது என்பதை இங்கே சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறோம்.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது?

பல நாடுகளில் நடந்த 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. 28,000 பேரின் தரவுகளைக் கொண்ட அந்த ஆய்வு, மனைவி கர்ப்பமாக இருக்கும் காலத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரையான காலத்தில் சுமார் பத்துத் தந்தைமாரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று காட்டியது. பிள்ளைக்கு மூன்று முதல் ஆறு மாதமாகும் காலத்தில் இந்த அளவு மிக உயர்ந்திருந்தது.

இந்தக் காலக்கணக்கு முக்கியமானது. நாற்பது முடிந்து, பார்க்க வருவோர் குறைந்து, வீடு வழமைக்குத் திரும்பி விட்டது என்று எல்லோரும் நினைக்கும் வேளையில்தான் தந்தையின் நோய் உச்சத்துக்கு வருகிறது. அப்போது அவரைக் கவனிக்க யாரும் இருப்பதில்லை.

மனைவிக்கு மனச்சோர்வு இருந்தால் கணவனுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் அதே ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்கிக்கொள்வார் என்று நாம் நினைக்கிறோம். பல வீடுகளில் இருவரும் ஒன்றாக விழுகிறார்கள்.

ஆண்களிடம் எப்படித் தெரியும்?

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டு மூலையில் இருப்பதையே நாம் கற்பனை செய்கிறோம். ஆண்களில் பெரும்பாலானோர் அப்படி அழுவதில்லை. அவர்களிடம் இந்த நோய் வேறு வேடம் போடும்.

சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுதல், மனைவியுடனும் மாமியுடனும் தொட்டதற்கெல்லாம் சண்டை, வேலை முடிந்தும் வீட்டுக்கு வர மனமில்லாமல் சந்தியிலும் கடற்கரையிலும் நள்ளிரவு வரை இருத்தல், எந்நேரமும் கைபேசியில் மூழ்கிக் கிடத்தல், சிகரெட்டும் போதைப் பொருளும் கூடுதல் என்பன வெளியே தெரிபவை. தலைவலி, நெஞ்சு இறுக்கம், வயிற்று எரிவு என்று வைத்தியரிடம் போய் வந்துகொண்டிருப்போரும் உண்டு. பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாது.

உள்ளே நடப்பது வேறு. பிள்ளை தூங்கினாலும் தனக்கு நித்திரை வராது. சாப்பாடு ருசிக்காது. முன்னர் ஆசையாகச் செய்த எதிலும் மனம் போகாது. பிள்ளையைத் தூக்கும்போது எல்லோரும் சொல்லும் அந்தப் பாசம் தனக்கு மட்டும் வரவில்லையே என்ற குற்ற உணர்வு அரிக்கும். "நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்" என்ற நினைப்பும் வரலாம்.

களைப்பு எல்லாத் தந்தைக்கும் வரும். ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் களைப்புத் தீரும், சிரிப்பும் வரும். நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பதோ, எதிலும் விருப்பமில்லாமல் போவதோ இரண்டு கிழமைகளுக்கு மேல் தொடர்ந்தால் அதனை நோயாகக் கருதி உதவி தேட வேண்டும்.

ஏன் வருகிறது?

ஒற்றைக் காரணம் இல்லை. துண்டு துண்டான நித்திரை, முன்னர் மனச்சோர்வு இருந்தமை, மனைவியின் சுகவீனம், சத்திரசிகிச்சைப் பிரசவம், குறைமாதப் பிள்ளை, கடன், தொழிலில் நிச்சயமின்மை, ஆறுதலாகப் பேச ஆளில்லாமை என்பன ஒன்றோடொன்று சேர்கின்றன. உடலிலும் மாற்றம் நடக்கிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600க்கும் மேற்பட்ட ஆண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வொன்று, தந்தையானவர்களின் ஆண் ஹோர்மோன் அளவு கணிசமாகக் குறைவதை 2011இல் காட்டியது.

எமது பிரதேசத்துக்கே உரிய சில காரணங்களையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, வீட்டு அமைப்பு. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே குடிபோவதும் பல தலைமுறை வழக்கம். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இது பெரும் பாக்கியம். தன் உம்மாவின் கையிலேயே அவள் பராமரிக்கப்படுகிறாள். கணவனின் நிலை வேறு. பிள்ளை பிறந்ததும் அறையில் மாமியும் சாச்சிமாரும் நிறைந்து விட, அவர் படுக்கை முன் மண்டபத்துக்குப் போய்விடும். பிள்ளையைத் தூக்கப் போனால் "உங்களுக்குத் தூக்கத் தெரியாது மகன், தாங்க" என்று வாங்கிக்கொள்வார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் அவர் அந்த வீட்டில் செலவுக்குப் பொறுப்பானவராகவும் பிள்ளைக்கு விருந்தாளியாகவும் ஆகிவிடுகிறார். மனம் விட்டு அழ அவருக்கு அங்கே ஓர் அறை இல்லை. தன் உம்மாவின் வீட்டில் போய் இருந்தால் "கோபித்துக்கொண்டு போய்விட்டார்" என்று ஊர் பேசும்.

இரண்டாவது, செலவு. வைத்தியசாலைச் செலவு, ஏழாம் நாள் அகீகா, வருவோருக்கான சாப்பாடு, பிள்ளைக்கு நகை என்று அடுக்கடுக்காக வரும். அகீகா வசதியுள்ளவருக்கான சுன்னத். கடன் வாங்கியாவது ஊர் மெச்சச் செய்ய வேண்டும் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட சுமை.

மூன்றாவது, பழைய காயம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று பத்து வயதுப் பிள்ளையாக உம்மாவையோ தங்கையையோ இழந்தவர் இன்று முப்பதைக் கடந்த வாப்பா. தன் பிள்ளையைக் கையில் வாங்கும்போது அந்தப் பழைய பயம் திரும்பி வருவது வியப்பல்ல. இரவில் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பத்துத் தடவை எழுந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, வெளிநாடு. கட்டாரிலோ சவூதியிலோ இருந்துகொண்டு வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகம் பார்க்கும் வாப்பாமார் எமது ஊர்களில் ஏராளம். அவர்களுக்கும் இந்த நோய் வரும். பிள்ளையைப் பார்க்க முடியாத ஏக்கத்தை அறைத் தோழர்களிடம் கூடச் சொல்லாமல் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் போகிறார்கள். அழைப்பு எடுப்பதைக் குறைத்துக்கொண்டால் "அங்கே யாரையோ பிடித்துவிட்டார்" என்ற சந்தேகம் வருகிறது. சந்தேகப்படுவதற்கு முன் நலம் விசாரிப்பது நல்லது.

கவனிக்காமல் விட்டால்?

பிரித்தானியாவில் 8,000க்கும் மேற்பட்ட தந்தைமாரையும் அவர்களது பிள்ளைகளையும் தொடர்ந்த ஆய்வொன்று 2005ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வெளியானது. பிள்ளைக்கு எட்டுக் கிழமையானபோது மனச்சோர்வில் இருந்த தந்தைமாரின் பிள்ளைகளுக்கு மூன்றரை வயதில் நடத்தைப் பிரச்சினைகளும் உணர்வுப் பிரச்சினைகளும் கூடுதலாகக் காணப்பட்டன. நடத்தைப் பிரச்சினைகள் ஆண் பிள்ளைகளில் அதிகமாக இருந்தன. தாய்க்கு மனச்சோர்வு இருந்ததா என்பதைக் கழித்துப் பார்த்த பின்னரும் இந்தத் தொடர்பு நீடித்தது.

பிள்ளைக்கு வாப்பாவின் பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நோயை நோயென்று அறியாத வீடுகளில் மனைவிக்கு அது வெறுப்பாகவும் மாமாவுக்கு அது பொறுப்பின்மையாகவும் தெரியும். வாய்ச்சண்டை பெரிதாகி, விடயம் காழி நீதிமன்ற வாசல் வரை போகலாம். அதற்கு முன் ஒரு வைத்தியரின் வாசலை மிதித்திருக்கலாமே.

இது ஈமான் குறைவா?

"தொழுதால் சரியாகும்", "சபூர் செய்யுங்கள்" என்று சொல்வோர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நோயாளியின் காதில் அது "உனக்கு ஈமான் போதாது" என்றே விழுகிறது. அவர் ஏற்கனவே குற்ற உணர்வில் புதைந்திருப்பவர்.

நபி யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுபை (அலை) இழந்த துயரத்தில் கண்பார்வை மங்கும் அளவுக்கு அழுதார்கள் என்பதை அல்குர்ஆன் சொல்கிறது. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்சை மரத்தடியில் இருந்து, இதற்கு முன்னரே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதும் அல்குர்ஆனில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் முதல் வஹியின் பின் நடுங்கியவர்களாக வீட்டுக்கு வந்து தம் மனைவி கதீஜாவிடம் (ரலி) பயத்தைச் சொன்னார்கள். தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது பிறர் முன்னிலையில் கண்ணீர் விட்டார்கள். இவர்களில் எவருடைய ஈமானை நாம் குறைத்துப் பேசுவோம்?

மனநோய்க்கு மருத்துவம் தேடுவதும் எமது மரபுக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) வபாத்தான அபூ ஸைத் அல்பல்ஹீ என்ற அறிஞர் உடலுக்கும் உள்ளத்துக்குமான ஆரோக்கியம் பற்றி ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வரும் கவலை வேறு என்று பிரித்துக்காட்டிய அவர், இரண்டாவதற்கு உடல் சார்ந்த மருத்துவமும் வேண்டும் என்றார்.

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் விட வேண்டியதில்லை. அவை மனதுக்குத் தெம்பு. கண்ணூறு என்றும் ஜின் என்றும் சொல்லி மாதக்கணக்கில் அலைந்து, வைத்தியரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. நீரிழிவுக்கு மாத்திரையும் எடுத்து துஆவும் செய்கிறோம். இதற்கும் அப்படியே.

தந்தை செய்யக்கூடியவை

முதலில் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மனைவி, காக்கா, நம்பிக்கையான நண்பன் யாராகவும் இருக்கலாம். பெரிய விளக்கம் வேண்டாம். "மச்சான், நாலஞ்சு கிழமையா எனக்குச் சரியில்ல. நித்திரையும் இல்ல, ஒண்டுலயும் மனம் போகுதில்ல" என்ற இரண்டு வசனம் போதும்.

நித்திரையை மருந்தாக நினையுங்கள். மனைவியுடன் பேசி இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பால் கொடுப்பது தாயால் மட்டும் முடிந்த வேலை. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வர வைப்பது, துணி மாற்றுவது, தாலாட்டித் தூங்க வைப்பது வாப்பாவாலும் முடியும். இருவருக்கும் நான்கைந்து மணி நேரமாவது தொடர்ச்சியாகத் தூங்கக் கிடைத்தால் மறுநாள் வித்தியாசம் தெரியும்.

பிள்ளையுடன் உங்களுக்கென்று ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவதோ, அஸருக்குப் பின் தூக்கிக்கொண்டு நடப்பதோ எதுவானாலும் தினமும் அதே நேரத்தில் செய்யுங்கள். பாசம் சிலருக்கு முதல் நாளே வரும், சிலருக்கு மாதங்கள் ஆகும். தொட்டுத் தூக்கிப் பழகப் பழக அது வரும்.

பிள்ளை விடாமல் அழுது உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால், பிள்ளையைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து, வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கைக்குழந்தையை ஒருபோதும் பிடித்து உலுக்கக் கூடாது. அது மூளையில் இரத்தக் கசிவை ஏற்படுத்தி உயிரையே எடுக்கலாம்.

வீட்டாரும் நண்பரும் செய்யக்கூடியவை

நாற்பது நாளில் கணவன் மனைவிக்கிடையே மார்க்கம் தடுத்திருப்பது தாம்பத்திய உறவையே. கணவன் மனைவியின் அருகில் இருப்பதையும் பிள்ளையைத் தூக்குவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டார் வேலைகளைச் செய்துகொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எனவே மாமிமார் தினமும் கொஞ்ச நேரம் அறையை அவர்கள் மூவருக்கும் விட்டுக்கொடுக்கலாம். மருமகன் பிள்ளையைத் தூக்கப் பயந்தால் வாங்கிக்கொள்ளாமல் சொல்லிக்கொடுக்கலாம்.

நண்பர்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்லும்போது "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று மூடிவிடாதீர்கள். கேட்டு முடித்ததும் "நாளைக்கு நானும் வாறேன், வைத்தியரிடம் போவோம்" என்று சொல்வது பத்து அறிவுரைக்குச் சமம்.

எங்கே போவது?

தாய்மாருக்கு எடின்பரோ அளவீடு என்ற பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. 1987இல் வெளியான இது கடந்த ஏழு நாட்களின் மனநிலையைக் கேட்கும். இலங்கையிலும் பயன்பாட்டில் உள்ளது. பின்னர் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று தந்தைமாருக்கும் இது பொருந்தும் என்றும், ஆண்கள் அழுகையைக் குறைத்தே சொல்வதால் அவர்களுக்குக் குறைந்த புள்ளியிலேயே கவனிக்க வேண்டும் என்றும் காட்டியது. உங்கள் பிரதேச குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது உங்களைப் பற்றியும் அவரிடம் சொல்லலாம். அவர் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் ஊடாக வழிகாட்டுவார்.

ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் மனநல வைத்தியரிடம் அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இது இலவசம். சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற தயக்கம் இருந்தால் கல்முனையில் உள்ளவர் அக்கரைப்பற்றுக்கும், அக்கரைப்பற்றில் உள்ளவர் கல்முனைக்கும் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

இலேசான நிலையில் பேச்சுச் சிகிச்சையே போதுமாக இருக்கலாம். கடுமையான நிலையில் மாத்திரையும் தருவார்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமைகள் எடுக்கும். முதல் கிழமையில் பலனில்லை என்று விட்டுவிடுவதும், சுகம் வந்ததும் தாமாக நிறுத்துவதும் தவறு. இவை வழமையில் அடிமையாக்கும் மருந்துகளல்ல.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் நடந்த ஒரு முயற்சி எமக்கு நம்பிக்கை தரும். எமது குடும்ப நல உத்தியோகத்தர் போன்ற பெண் சுகாதார ஊழியர்களுக்கு எளிய பேச்சுச் சிகிச்சையைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வில் இருந்த தாய்மாரில், அவ்வாறு பயிற்சி பெற்றோர் சந்தித்தவர்களில் ஆறு மாதத்தில் 23 சதவீதத்தினரே நோயுடன் இருந்தனர். மற்றவர்களில் அது 53 சதவீதமாக இருந்தது. அந்த முடிவுகள் 2008இல் வெளியாகின. பெரிய வைத்தியசாலை இல்லாமலேயே, வீட்டு வாசலில் ஒருவர் வந்து முறையாகப் பேசினால் நோய் விலகும் என்பதே இதன் பாடம். இதைத் தந்தைமாருக்கும் விரிவாக்க முடியும்.

அவசர நிலை

உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துகளை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். பெரும்போகம், சிறுபோகம் என்று வேளாண்மை செய்யும் எமது பிரதேசத்தில் இந்த ஓர் எச்சரிக்கை உயிர் காக்கும். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

பிள்ளை பெற்ற தாய் நித்திரையே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ அதுவும் அவசர நிலைதான். ஓதுபவரைத் தேடி நேரம் கடத்தக் கூடாது.

பள்ளிவாசல்களுக்கு ஒரு வேண்டுகோள்

அரச ஊழியரான தந்தைக்கு மூன்று நாள் விடுமுறைதான். கடைத் தொழிலாளிக்கும் கடற்றொழிலாளிக்கும் அதுவும் இல்லை. இந்நிலையில் ஊர்தான் கைகொடுக்க வேண்டும். நிகாஹ் பதிவின்போது பள்ளிவாசல் நிருவாகம் தம்பதிக்கு இது பற்றி ஐந்து நிமிடம் சொல்லலாம். வருடத்தில் ஒரு குத்பாவை இதற்கு ஒதுக்கலாம். குத்பாவில் மௌலவி ஒருவர் "இது நோய், வைத்தியரிடம் போங்கள்" என்று சொன்னால், வெட்கத்தில் பின்வரிசையில் இருக்கும் ஒரு வாப்பா மறுநாள் வைத்தியசாலைக்குப் போவார்.

அதுவரை நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, தாயையும் பிள்ளையையும் விசாரித்த பின், வாசலில் நிற்கும் அந்த மனிதரிடம் கொஞ்சம் நின்று "நீங்க எப்படி இரிக்கிங்க?" என்று கேளுங்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வந்தால் அவசரப்பட்டுப் புறப்படாமல் இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு தடவை போய்க் கேளுங்கள்.

எமது வீடுகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.